60 லட்சம் கேட்டேன், இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள்

கேள்வி: வணக்கம் சார். பெங்களூரில் எலகங்கா தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் வேதியியல் உதவிப் பேராசிரியராக நிரந்தரப் பணியில் இருக்கிறேன். சொந்த ஊர் தருமபுரி, வயது 38. குழந்தை பிறந்தபோது மூன்று வருடம் வேலையை விட்டிருந்தேன். ஏரி வண்டலில் இருக்கும் கன உலோகங்கள் பற்றியது என் ஆராய்ச்சி. மத்திய அரசின் நிதிக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். இரண்டாவது முறை வந்த பதில் இரண்டே வரி: புதுமை போதாது, பட்ஜெட்டுக்குச் சரியான காரணம் சொல்லப்படவில்லை. வெளி நிதி கொண்டுவந்தால்தான் பதவி உயர்வு என்கிறது நிர்வாகம். ஒரு கன்சல்டன்ட் 50,000 முன்பணமும், பணம் வந்த பிறகு 5 சதவீதமும் கொடுத்தால் எழுதித் தருகிறேன் என்கிறார். வேறு எங்கே கேட்கலாம்? மாநில அரசிடம் கேட்கலாம் என்றால் எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. ஒரு லட்சம் கோடி ஆராய்ச்சிப் பணம் என்று எங்கள் டீன் ஒரு செய்தி அனுப்பினார், அது எனக்கு உதவுமா? புரொபோசலையும் மறுப்புக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அம்மா, அந்தக் கன்சல்டன்ட் கதையை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். பிராஜெக்ட் பணத்தில் அவருக்கு 5 சதவீதம் கொடுக்க எந்தச் செலவுத் தலைப்பிலும் வழி கிடையாது, ஆக அந்த 3 லட்சம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறவருக்குக் கூலி கொடுப்பது வேறு, அதில் தப்பே இல்லை. ஆனால் ஆராய்ச்சியையே எழுதித் தருகிறேன் என்பவர்களிடம் ஒரே சரக்கு நாலு கடையில் விற்கும். ஒரே பத்தி, கமாகூட மாறாமல், இரண்டு கல்லூரிகளின் விண்ணப்பத்தில் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதில் மாட்டிக்கொண்டால் பழி உங்கள் பெயரில்தான் விழும், அவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

உங்கள் புரொபோசலை ஞாயிற்றுக்கிழமை முழுதாக உட்கார்ந்து படித்தேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் ஆராய்ச்சி நிதிக் கோப்புகளோடு மாரடித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உங்களை மறுத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தலைப்பே "பெங்களூரு ஏரிகளில் கன உலோகங்கள்: ஒரு மதிப்பீடு". மதிப்பீடு என்ற சொல்லைப் பார்த்ததும் படிப்பவருக்குக் கொட்டாவி வந்துவிடும். பெல்லந்தூர் ஏரி நுரை தள்ளியதும், 2017-லும் 2018-லும் தீப்பிடித்து எரிந்ததும் ஊருக்கே தெரிந்த சேதி. அங்கே ஈயமும் காட்மியமும் இருக்கிறது என்று இன்னொரு தடவை அளந்து சொல்ல ஆராய்ச்சிப் பணம் எதற்கு, அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலையல்லவா என்று ஒதுக்கிவிடுவார்கள். "புதுமை போதாது" என்பதற்கு அர்த்தம் அவ்வளவுதான். நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள் என்பது அவர்களுக்குப் புரிந்தது, எதைக் கண்டுபிடிக்கப் போகிறீர்கள் என்பதுதான் புரியவில்லை.

ஆனால் 9-ஆம் பக்கத்தில், மாதிரி எடுக்கும் இடங்கள் என்ற பட்டியலுக்குக் கீழே, "ஒப்பீட்டுக்காகக் கோலார் மாவட்ட ஏரிகளிலும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் அம்மா புரொபோசல். மற்ற பக்கங்களைத் தூக்கி ஓரமாக வையுங்கள். கே.சி. வேலி (கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கு) என்ற திட்டத்தில் 2018 முதல் நம் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்த ஏரிகளில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நின்றால் அடி வண்டலில் ஆக்சிஜன் தீரும், இரும்பு, மாங்கனீஸ் ஆக்சைடுகளோடு ஒட்டிக் கிடந்த உலோகம் அவிழ்ந்து வரும், திரும்ப வற்றினால் சல்பைடாகக் கட்டுண்டது காற்றுப் பட்டு விடுபடும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, உங்கள் பிஎச்டி முழுக்க இந்தத் தொடர் பிரித்தெடுப்புதானே, வண்டலில் உலோகம் எந்த வடிவத்தில் கட்டுண்டு கிடக்கிறது என்று படிப்படியாகப் பிரித்துப் பார்க்கும் முறை. விவசாயிகள் ஏரி வண்டலை அள்ளி வயலில் போடுவது நம் தருமபுரிப் பக்கமும் உண்டு, அங்கேயும் உண்டு. ஆகவே கேள்வி இப்படி வருகிறது: நிரம்பி வற்றும் இந்தச் சுழற்சியில் வண்டலில் உள்ள உலோகம் பயிர் உறிஞ்சும் வடிவத்துக்கு மாறுகிறதா, மாறினால் எந்த மாதத்தில்? இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கிடைக்கும், எந்த விடை வந்தாலும் யாருக்கோ பயன்படும். மொத்த அளவை அளப்பவர்கள் நிறையப் பேர், வடிவத்தை அளக்கத் தெரிந்தவர்கள் குறைவு, நீங்கள் அந்தக் குறைவான பேரில் ஒருவர். அதைப் பின்னிணைப்பில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அடுத்தது பட்ஜெட். 60 லட்சத்தில் 38 லட்சம், உலோகத்தை அளக்கும் அட்டாமிக் அப்சார்ப்ஷன் கருவிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். ஒரு ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி ஃபெலோ, மாணவருக்கு மாதம் 31,000 என்று போட்டிருக்கிறீர்கள், அது பழைய கணக்கு. 2023 ஜனவரியிலிருந்து 37,000, மூன்றாவது வருடம் சீனியர் ஆனால் 42,000. மூன்று வருடத்துக்கு அதுவே 13 லட்சத்து 92 ஆயிரம், அதோடு பெங்களூரு மாதிரிப் பெரிய நகரத்துக்கான வீட்டு வாடகைப் படியைச் சேர்த்தால் சுமாராக 18 லட்சம். 38-ம் 18-ம் போனால் மிச்சம் 4 லட்சம். அந்த 4 லட்சத்தில் மூன்று வருடம் கோலாருக்கு வண்டி, அமிலம், ஆர்கான், அசிட்டிலீன் சிலிண்டர், கருவி கெட்டால் சர்வீஸ் எல்லாம் எப்படி நடக்கும்? படித்தவர் ஒரு பேனாவை எடுத்து இதே கணக்கைப் போட்டிருப்பார். உங்கள் புரொபோசல் ஒரு கருவி வாங்க எழுதிய கடிதமாக அவருக்குத் தெரிந்திருக்கும், உண்மையில் பாதி அப்படித்தான் இருக்கிறது.

கருவி வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போது வாங்காதீர்கள். ஐ-ஸ்டெம் என்று ஒரு தேசிய வலைவாசல் இருக்கிறது, அரசுப் பணத்தில் வாங்கிய ஆய்வுக் கருவிகள் எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் இருக்கின்றன, வெளியாட்களுக்கு என்ன கட்டணம் என்று பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். அதன் தலைமையிடமே நம் ஊரில், ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் ஐ.ஐ.எஸ்.சி.யில்தான். மாதிரிக்கு இவ்வளவு என்று கொடுத்து அங்கே ஐ.சி.பி.-எம்.எஸ். என்ற உலோகம் அளக்கும் கருவியில் ஓட்டிக்கொண்டு வாருங்கள், உங்கள் கருவியைவிட நுணுக்கமான எண் கிடைக்கும், ஆர்கான் தீர்ந்தது உங்கள் தலைவலியாக இருக்காது. பட்ஜெட்டில் "பகுப்பாய்வுக் கட்டணம்" என்று ஒரு வரி, பக்கத்தில் மாதிரிகளின் எண்ணிக்கையைக் கட்டணத்தால் பெருக்கிய கணக்கு. இதைவிடத் தெளிவாகக் காரணம் சொல்ல முடியாது.

சரி, எங்கே கேட்பது என்றுதானே கேட்டீர்கள், நான் வேறு எங்கோ போய்விட்டேன்.

கன்னடப் பயத்தை விடுங்கள். கர்நாடக அரசுக்கு வி.ஜி.எஸ்.டி. என்று அறிவியல் தொழில்நுட்பத்துக்கான ஒரு வழிகாட்டுக் குழு இருக்கிறது, விஞ்ஞானி சி.என்.ஆர். ராவ் தலைமையில் நடந்தது. இளம் ஆசிரியர்களுக்கான தொடக்க நிதி, ஆசிரியர் ஆராய்ச்சி நிதி, துறைக்கான ஆய்வக வசதி நிதி என்று அதில் தனித்தனித் திட்டங்கள் உண்டு. விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான். அவர்கள் பார்ப்பது நீங்கள் கர்நாடகத்தில் உள்ள நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்களா என்பதை, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்பதை அல்ல. அல்சூரில் இருக்கும் தமிழ்ப் பேராசிரியர்கள் பலரே "அது அவங்களுக்குத்தான் சார் குடுப்பாங்க" என்று விண்ணப்பிக்காமலே சொல்லிக்கொண்டு திரிவதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் பேட்டிக்குக் கூப்பிட்டால் முதல் வணக்கத்தைக் கன்னடத்தில் சொல்லுங்கள், மரியாதைக்கு. கோலார் ஏரிகளைப் பற்றிய வேலை என்பதால் மாநிலத்துக்கு இதில் நேரடி அக்கறை இருக்கும், மத்தியில் பத்தோடு பதினொன்றாக நிற்கும் விஷயம் இங்கே முன்வரிசைக்கு வரும்.

ஐ.ஐ.எஸ்.சி. வளாகத்திலேயே கே.எஸ்.சி.எஸ்.டி. என்ற மாநில அறிவியல் தொழில்நுட்பக் கவுன்சில் இருக்கிறது. பொறியியல் மாணவர்களின் இறுதி வருட பிராஜெக்டுக்கு அவர்கள் பணம் தருவார்கள், சில ஆயிரங்கள்தான். சிரிக்காதீர்கள். உங்கள் கல்லூரி சிவில் துறையோடு சேர்ந்து நாலு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரே ஒரு ஏரியில் மழைக்கு முன்னும் பின்னும் வண்டல் எடுத்து வந்தால், அடுத்த பெரிய விண்ணப்பத்தில் போட உங்களிடம் ஒரு வரைபடம் இருக்கும். இப்போது உங்கள் புரொபோசலில் சொந்தத் தரவு என்று ஒரு புள்ளிகூட இல்லை. இருப்பது 2016 பிஎச்டி வேலை, நடுவில் மூன்று வருட இடைவெளி. அந்த இடைவெளிக்கு வெட்கப்பட வேண்டாம், ஒரு வரியில் காரணத்தை எழுதிவிட்டு மேலே போங்கள். ஆனால் கைத்தரவு இல்லாமல் 60 லட்சம் கேட்பது பெண் பார்க்காமல் மண்டபம் பிடிக்கிற மாதிரி.

அப்புறம், சதாசிவநகரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமி, அதுதான் சர் சி.வி. ராமன் 1934-ல் தொடங்கியது, மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆராய்ச்சி ஃபெலோஷிப் நடத்துகிறது. எல்லோரும் அதை மாணவர்களுக்கு என்று நினைக்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் உட்காரலாம். குழந்தையை வைத்துக்கொண்டு வெளியூர் போக முடியாது என்றால் பெங்களூரிலேயே ஒரு வழிகாட்டியைக் கேளுங்கள். அந்த இரண்டு மாதத்தில் கிடைக்கும் ஆளும் பேச்சும் உதவித்தொகையைவிட மதிப்பு. பெரிய பேராசிரியர் ஒருவரின் பெயரை இணை ஆய்வாளர் என்று அலங்காரத்துக்குப் போட்டிருக்கிறீர்களே, அவர் என்ன செய்வார் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. படிப்பவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஒரு வருடத்து வேலை. அதற்குப் பிறகு மறுபடி டெல்லிக் கதவு. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியத்தை நீங்கள் புரொபோசலில் இன்னும் செர்ப் என்றே எழுதுகிறீர்கள், அதை 2023-ஆம் வருடச் சட்டம் ஏ.என்.ஆர்.எஃப். என்ற தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் கரைத்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி என்று அறிவித்ததில் அரசு போடுவதாகச் சொன்னது 14,000 கோடி, மிச்சத்தைத் தொழில்துறையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் திரட்டுவதாகத் திட்டம், அதனால் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்களுக்குப் பொருந்துவது பிரதமர் பெயரில் இருக்கும் இளம் ஆய்வாளர் நிதி, மூன்று வருடத்துக்கு 60 லட்சம் வரை, வயது வரம்பு 42. ஆக உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஓடி விழ வேண்டாம். 60 வரை என்றால் 60 கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. உங்கள் வேலைக்கு 35 போதும் என்று என் கணக்கு சொல்கிறது. அறிவிப்பில் சந்தேகம் இருந்தால் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் விஞ்ஞானி-அதிகாரிக்கு மெயில் போட்டுக் கேளுங்கள், தொடர்பு விவரம் அவர்கள் தளத்திலேயே இருக்கும். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள், அங்கே பதில் சொல்பவருக்கும் தெரியாது.

உங்கள் டீன் அனுப்பினார் என்ற அந்த ஒரு லட்சம் கோடிச் செய்தி உங்களுக்கானது இல்லை. 2025-ல் வந்த அந்தத் திட்டம் தனியார் துறை ஆராய்ச்சிக்கு நீண்டகாலக் கடனாகவும் முதலீடாகவும் போகும் பணம். டீனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு என்று ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணமும் அவ்வளவு லேசில்லை: கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் ஆராய்ச்சி என்ற தலைப்பின் கீழ் வருவது அரசுப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகங்களும் அரசு நிதி பெறும் ஆய்வுத் திட்டங்களும்தான். உங்களோடு பிஎச்டி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் தோழி யாராவது இருந்தால் அவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ்-கிரண் திட்டங்களைச் சொல்லுங்கள், படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் விட்டுப்போன பெண்களுக்கானது அது. நிரந்தர வேலையில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது.

உங்கள் மேற்கோள் பட்டியலில் 2019-க்குப் பின் வந்த கட்டுரை நாலே நாலு. காரணம் எனக்குத் தெரியும், உங்கள் நூலகத்தில் சந்தா இல்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் சுமார் 13,000 இதழ்கள் வருகின்றன, ஆனால் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான், தனியாருக்கு இல்லை. அநியாயம்தான். அதுவரை கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேளுங்கள், சந்தோஷமாக அனுப்புவார்கள்.

இனி யாரும் உங்களுக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பணம் கிடைத்த பிறகு உங்கள் தலையெழுத்து உங்கள் கணக்குப் பிரிவு அலுவலர் கையில்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், பெயர் வேண்டாம், ஒரு இளம் ஆய்வாளருக்கு நல்ல பிராஜெக்ட் ஒன்று வந்தது. முதல் வருடம் ஓடியது. ஒரு களப்பயணத்தின் டாக்சி பில்லைக் கணக்குப் பிரிவில் யாரோ நுகர்பொருள் தலைப்பில் எழுதிவிட்டார்கள், 11,000 ரூபாயோ என்னவோ. வருட முடிவில் செலவு அறிக்கையும், யூ.சி. என்கிற நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழும் பொருந்தவில்லை, டெல்லி திருப்பி அனுப்பியது. இங்கே திருத்தி அனுப்புவதற்குள் ஆடிட்டர் மாறிவிட்டார், புது ஆடிட்டர் பழைய வருடத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கோப்பு என் மேசையில்தான் இருந்தது, நானும் அதை இரண்டு மாதம் கட்டுக்கு அடியில் விட்டேன், அதை இப்போது சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாவது தவணை வர 14 மாதம் ஆனது. அதுவரை அந்த ஜே.ஆர்.எஃப். பையனுக்கு உதவித்தொகை கிடையாது. மத்திகெரேயில் ரூம் வாடகை கொடுக்க முடியாமல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போனான். ஆய்வாளர் வேறு ஆள் எடுத்துப் பழக்குவதற்குள் பிராஜெக்ட் காலமே முடிந்துபோனது.

அதனால், விண்ணப்பம் போடும் முன்பே கணக்குப் பிரிவுக்குப் போய் ஒரு காபி குடியுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு முன் மத்திய அரசுப் பிராஜெக்ட் கணக்கை நடத்தியிருக்கிறார்களா, அரசுப் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். முறையில் பதிவு இருக்கிறதா, யூ.சி.க்கான ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தை நிரப்பிய ஆள் இன்னும் வேலையில் இருக்கிறாரா. நிர்வாகத்தில் இன்னொன்று: பல்கலைக்கழகத்துக்கு, மத்திய நிதி பெறத் தகுதி தரும் யு.ஜி.சி.யின் 12-பி அங்கீகாரமும், ஆராய்ச்சி நிறுவனம் என்று மத்திய டி.எஸ்.ஐ.ஆர். துறை தரும் சைரோ பதிவும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். சில கதவுகள் அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது, உங்கள் புரொபோசல் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் சரி. வெளி நிதி கொண்டுவா என்று உங்களை விரட்டும் நிர்வாகம் தன் பங்குக்கு என்ன தயார் செய்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. முதல் வருட மாதிரிக் கட்டணத்துக்கு உள் நிதியாக 2 லட்சம் கேளுங்கள், கோலார் பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு. பிடுங்கினால் ஒரு லட்சமாவது வரும்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றால் கன்சல்டன்ட்டைத் தேடாமல், இந்தியா அலையன்ஸ் என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பு நடத்தும் பயிலரங்குகளைப் பாருங்கள். அவர்களின் ஃபெலோஷிப் உயிர்மருத்துவத்துக்கு என்றாலும், எழுதுவது எப்படி, ஆராய்ச்சி அலுவலகம் நடத்துவது எப்படி என்று அவர்கள் சொல்லித் தருவது எல்லாருக்கும் ஆகும். இர்மி என்ற பெயரில் ஆராய்ச்சி மேலாண்மைக்கென்றே தனி முயற்சி வைத்திருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறாரா, இல்லை டீனின் டைப்பிஸ்ட்தான் எல்லாமுமா?

நீங்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் முதல் பக்கம்தான் இருக்கிறது. உங்கள் லாகினில் உள்ளே போய் மதிப்பீட்டாளர் குறிப்பு தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அனுப்புங்கள். கூடவே கோலார் கேள்வியை ஒரே பக்கத்தில், பட்ஜெட் இல்லாமல், கருவியின் பெயர் எதுவும் இல்லாமல் எழுதி அனுப்புங்கள். தமிழில் எழுதினாலும் சரி.